பேசாதீங்க, மூச்சு வாங்கும்

கண்ணு, நீ இப்ப அடிச்சுக்கிட்டியே, அது உள்ள போகலை.

பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். பஸ்ஸைப் புடிக்க ஓடி வந்தே. ஏறி உக்காந்தே. பையில இருந்து அந்த நீலக் குழாயை எடுத்து வாயில வெச்சு ஒரு அமுக்கு அமுக்கினே. பாதி புகையாட்டம் வெளிய வந்துருச்சு, மீதி நாக்கு மேல படிஞ்சிருக்கும். தப்பா நினைச்சுக்காதே, இந்த விஷயத்துல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. எங்க, இன்னொருக்கா எடு. முதல்ல நல்லாக் குலுக்கு. இப்ப உள்ள இருக்கற மூச்சையெல்லாம் வெளிய விட்டுரு, காலியாகட்டும். உதட்டைச் சுத்தி இறுக்கி மூடிக்க. மெதுவா இழுக்க ஆரம்பி. ஆரம்பிக்கறப்பவே அமுக்கணும், முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. இழு, இழு, இன்னும் இழு. ஆங், அப்படியே அடக்கு. பேசாதே. பேசினா எல்லாம் வெளிய வந்துரும்.

இப்ப விட்டுக்க. எப்படி இருக்குது? நல்லாத்தான் இருக்கும், முகத்துலயே தெரியுது.

கண்டக்டர் வர்றாரு பாரு. ரெண்டு பேருங்க, காந்திபுரம். ஆமாங்க, ரெண்டும் காந்திபுரம்தான். லேடீஸுக்கு ஓசின்னாலும் சீட்டுக் கிழிச்சுக் குடுத்துருவாங்க. உன்னுதையும் நானே வெச்சுக்கறேன், உன் பையில போட்டா அப்புறம் தேடிக்கிட்டு இருப்பே. இல்ல இல்ல, நீ எதுவும் சொல்லாதே, மூச்சு முதல்ல ஒரு நிலைக்கு வரட்டும். நான் பேசறேன், நீ கேட்டுக்கிட்டு வா. வேலைக்குத்தானே போறே? அப்படித்தான் இருக்குது பாத்தா.

எங்கூட்டுக்காரருக்கு இதே வியாதிதான். இதேன்னா இதே இல்ல, உனக்கு இளைப்பா இருக்கும், சின்ன வயசு. அவருக்கு நுரையீரலே கெட்டுப் போச்சு. புகையில வேலை செஞ்சு செஞ்சு வர்றது. பீடி சிகரெட்டு தொட்டதில்ல மனுஷன். போன தை மாசம் தவறிட்டாரு.

ஐயோ, நீ எதுக்குக் கையைப் புடிக்கறே? எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அழவே இல்ல, தெரியுமா? எல்லாரும் வந்து கட்டிப் புடிச்சு அழுதாங்க. நான் வந்தவங்களுக்கு டீ போடச் சொல்லிட்டு உக்காந்திருந்தேன். பல்லுப் புடுங்க ஊசி போடுவாங்களே, போட்டதும் கன்னம் நம்ம கன்னமாவே இருக்காது, கிள்ளினாலும் தெரியாது. அப்படித்தான் இருக்குது அன்னிலேருந்து. சாப்பிடறேன், தூங்கறேன், சீரியல் பாக்கறேன். இப்ப மக வீட்டுக்குப் போறேன், காந்திபுரத்துல பஸ் மாறிக் கணபதிக்கு. வர்றேன்னு சொல்லலை. சொன்னா போன்ல 'ம்'னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அப்பன் மாதிரியே அவளும், வாயில கொழுக்கட்டை.

அவரு நகை ஆசாரி. நாகலிங்க ஆசாரின்னு செல்வபுரத்துல யாரைக் கேட்டாலும் தெரியும். வீட்டு முன் ரூம்தான் பட்டறை. பத்தவைக்கற வேலைன்னா அவருகிட்டத்தான் வருவாங்க, அறுந்த செயினு, தோட்டுல திருகு, கம்மல்ல வளையம். மத்தவங்க எல்லாம் கேஸுக்கு மாறிட்டாங்க. இவரு மாறலை. வாய்க்குழல்தான், வாயால ஊதித் தீயைத் திருப்பறது. அந்தக் கரியும் புகையும் திராவக நெடியும் என் சமையக்கட்டு வரைக்கும் வரும், சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப் போச்சு.

ஆனா அந்த ஊதறது இருக்கு பாரு, அதை ஒத்துக்கணும். விளக்குக்கு முன்னாடி குழலை வாயில வெச்சாருன்னா தீ ஊசியாட்டம் நிக்கும், துளி ஆடாது. வேலை முடியற வரைக்கும் ஊதிக்கிட்டே இருப்பாரு. எப்படின்னா, கன்னம் ரெண்டுலயும் காத்தை நிரப்பி வெச்சுக்குவாங்க, மூச்சை மூக்குலயே எடுத்துக்குவாங்க. வாயில போய்க்கிட்டே இருக்கும், மூக்குல வந்துக்கிட்டே இருக்கும். வாயில குழல் இருக்கறப்ப இழுக்கவே கூடாது. இழுத்தா அந்தச் சூடும் புகையும் நேரா தொண்டைக்கு வந்துரும். சின்னதுல வேலை கத்துக்கறப்ப ஒரே ஒருக்கா தெரியாம இழுத்துட்டாராம். எங்க மாமனாரு கையில இருந்த குறடாலயே முட்டி மேல ஒண்ணு வெச்சாராம். அந்த வடு கடைசி வரைக்கும் இருந்துச்சு. குளிப்பாட்டறப்பக்கூடப் பாத்தேன்.

வாயில குழல் இருந்தா எப்படிப் பேசறது? பட்டறை வாசல்ல யாராவது வந்து நின்னா நான்தான் பதில் சொல்லணும். தோடு ஆச்சுங்களா? நாளைக்கு வாங்க. கல்லு விழுந்துருச்சுங்களே? குடுத்துட்டுப் போங்க. அவரு தலையை மட்டும் ஆட்டுவாரு. கல்யாணமாகி வந்த நாளா இப்படித்தான். போகப்போகக் குழல் வாயில இல்லாதப்பவும் நானே சொல்றதுன்னு ஆயிருச்சு. அவருக்கு என்ன வேணும் வேண்டாம்னு எனக்குத் தெரியாதா? அவருக்கு வாய் நான்தான் கண்ணு. யாரும் குறை சொன்னதில்ல.

உக்கடம் வந்துருச்சு. பாலம் கட்டியும் இந்த நெரிசல் குறையலை பாரு.

போன ஆடியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அதுக்கு முன்னாடியே இருமலும் இளைப்பும் இருந்துச்சு, கஷாயம் வெச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். ஆடிக் காத்துல வாசல்ல இருந்து பாத்ரூமுக்கு நடக்கறதுக்குள்ள செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. சரின்னு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க நெஞ்சு டாக்டர் தனி. முதல்ல ஒரு மெஷின் முன்னாடி உக்கார வெச்சு வாயில குழாயைக் குடுத்து, ஊதுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்க, இன்னும் ஊதுங்கன்னாங்க. நானும் கூட நின்னு ஊதுங்க ஊதுங்கன்னேன். இவரு கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதினாரு. மெஷின்காரர் அப்படி இல்லைங்க, நெஞ்சுல இருந்து ஊதணும்னு சொன்னாரு. மறுக்கா மறுக்கா ஊத வெச்சாங்க. வெளிய வர்றப்ப வேர்த்து ஊத்திருச்சு.

டாக்டர் நல்லவர், பொறுமையானவர். நுரையீரல்ல காத்து போற வழி சுருங்கிருச்சு, பழையபடி ஆக்க முடியாது, ஆனா மருந்தை ஒழுங்கா எடுத்தா இருக்கறதை வெச்சு நல்லா ஓட்டலாம், கீழ விழாமப் பாத்துக்கலாம்னாரு. மருந்து உள்ள போகணும், அதுதான் முக்கியம்னாரு. நான் பாத்துக்கறேன் டாக்டர்னேன்.

மருந்து குடுக்கற ஜன்னல்ல ஆம்பளைங்க வரிசை கேட்டு வரைக்கும் நிக்கும். பொம்பளைங்க வரிசை சின்னது. அதனால எந்த வீட்ல எந்த ஆம்பளைக்கு வியாதின்னாலும் அந்தந்த வீட்டுப் பொம்பளைதான் சீட்டைத் தூக்கிக்கிட்டு நிப்பா. ஆம்பளைங்க எல்லாம் வேப்பமரத்தடில உக்காந்திருப்பாங்க. அது அங்க ஒரு வழக்கம் கண்ணு. நானும் அப்படித்தான் நின்னேன். ஜன்னலுக்குள்ள இருந்த தம்பி குழாயை எடுத்துக் காட்டுச்சு. உன்னுது மாதிரி அமுக்கறது இல்ல அது, பொடி. மாத்திரையாட்டம் இருக்கும், உள்ள பொடி. அதை ஓட்டைல போடணும், திருகணும், மூச்சை வெளிய விட்டுட்டு, வாயில வெச்சு வேகமா உறிஞ்சணும், அடக்கணும், அப்புறம் வாய் கொப்பளிக்கணும். எனக்கு ஒரு தடவை சொன்னாப் போதும். புரிஞ்சுதாம்மான்னு கேட்டுச்சு, புரிஞ்சுதுன்னேன். பின்னாடி நின்னவ இடிச்சுக்கிட்டே இருந்தா.

மரத்தடிக்கு வந்து அவருகிட்டக் குடுத்தேன். இந்தாங்க, இதை முழுங்கிடாதீங்க, குழாயில போட்டுத் திருகி வாயில வெச்சுக்கணும், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னேன். வேற என்ன சொல்லணும்? முழுங்கிடாதீங்கன்னு மறக்காமச் சொன்னேன் பாரு. எங்க பக்கத்து வீதில ஒருத்தர் அந்த மாத்திரையைத் தண்ணி ஊத்தி முழுங்கிக்கிட்டு இருந்தாராம். அந்த மாதிரி ஆளுகளும் இருக்காங்க. எங்க வீட்ல அந்தத் தப்பு நடக்கலை.

அவரு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. குழல் மாதிரி இருக்குதேன்னாரு. ஆமா குழல்தான், உங்களுக்குப் பழக்கம்தானேன்னு சொல்லிட்டு ஆட்டோ கூப்புட்டேன்.

நீ என்ன எட்டி எட்டிப் பாக்கறே? காத்து வேணுமா? இரு, ஜன்னலைத் தூக்கி விடறேன். இப்ப வருதா? வெயில் முகத்துல அடிக்கும், துப்பட்டாவைப் போட்டுக்க.

அப்புறம் என்ன, மருந்து ஒரு வேளை தப்பினதில்ல. காலைல காப்பி குடிச்சதும் குழாயை எடுத்துக்கிட்டுப் பட்டறை மூலைல போய்ச் செவுத்தைப் பாத்து உக்காந்துக்குவாரு. நாலு பேரு பாக்கற மாதிரி மருந்து எடுக்கக் கூச்சம். நான் சமையக்கட்டுல இருந்தே மருந்து போட்டாச்சான்னு கேப்பேன். 'ம்'னு சத்தம் வரும். போய்ப் பாத்தா மாத்திரைக் கூடு காலியாக் கிடக்கும். கூடு காலின்னா மருந்து உள்ள போச்சுன்னுதானே அர்த்தம்? நீயே சொல்லு. சரி சரி, சொல்ல வேண்டாம்.

இதுல எனக்கு ஒரு வேலை எச்சாச்சு. அவரு தோள்ல போடற துண்டுல, வேட்டில, முட்டி மேல எல்லாம் வெள்ளை வெள்ளையாப் பொடி. வெங்காரம்னு நினைச்சேன். பத்தவைக்கறப்பத் தங்கத்து மேல தடவுவாங்களே, அந்த வெள்ளைப் பொடி. பட்டறைல எப்பவும் இருக்கும். முடியாத காலத்துல எதுக்கு இன்னும் வேலையைத் தொட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு திட்டிக்கிட்டே தினமும் அந்தத் துண்டை உதறித் துவைப்பேன். வேலை எதுவும் செய்யலையேன்னாரு ஒரு நாள். பொய் சொல்லாதீங்க, துண்டைப் பாத்தாத் தெரியலையான்னேன்.

மாசா மாசம் டாக்டர்கிட்டப் போவோம். குறையவே இல்ல. மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கறாரான்னு டாக்டர் அவரைப் பாத்துத்தான் கேப்பாரு. இவரு வாயைத் திறக்கறதுக்கே நேரமாகும். மூச்சு வாங்கும், ஒரு வார்த்தை, நிறுத்தி இன்னொரு வார்த்தை. வெளிய அத்தனை பேரு நிக்கறாங்க. நான்தான் சொல்லிருவேன், ஒரு வேளை தப்பாதுங்க டாக்டர், நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்னு. டாக்டர் எழுதி எழுதிப் பாத்துட்டு மருந்தை ஏத்தி விட்டாரு. அடுத்த மாசம் இன்னும் ஏத்தினாரு. துண்டுலயும் வெள்ளை எச்சாச்சு.

ஒருக்கா இவரு டாக்டர் முன்னாடி, ஐயா, அந்தப் பொடின்னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள இருமல் வந்துருச்சு. நான் முதுகைத் தடவி விட்டு, பேசாதீங்க, மூச்சு வாங்கும், நான் சொல்றேன்னுட்டு, பொடி தீந்துருச்சுங்க டாக்டர், அதைத்தான் சொல்றாருன்னேன். தீந்துதான் இருந்துச்சு. வேற என்ன சொல்ல வந்திருப்பாரு?

மூச்சு வாங்கறவரைப் பேச வெச்சு வேடிக்கை பாக்கறதுக்கு எனக்கு மனசு வரலை கண்ணு. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவரு கழுத்து நரம்பு இழுத்துக்கிட்டு நிக்கும். அதைப் பாக்க முடியாது என்னால. அந்த வார்த்தையை நான் சொல்லிட்டா அவருக்கு ஒரு மூச்சு மிச்சம்தானே? அப்படித்தான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

எந்திரிக்காதே எந்திரிக்காதே, வண்டி ஆடுது. மணிக்கூண்டுல எப்பவும் இப்படித்தான், மொத்தக் கூட்டமும் இங்கதான் இறங்கும். இறங்கறவங்க இறங்கட்டும், நீ உக்காரு, உன் பையைக் குடு, மடியில வெச்சுக்கறேன். இடிச்சுத் தள்ளிருவாங்க உன்னை. ஆங், போகட்டும்.

எங்க விட்டேன்? ஐப்பசில ஒரு நாள் நல்ல மழை. ஆஸ்பத்திரில கூட்டமே இல்ல. டாக்டர் வர்றதுக்குள்ள ஒரு நர்ஸுப் பொண்ணு, எஸ்தர்னு பேரு, உன் வயசுதான் இருக்கும், ஐயா, குழாயைக் கொண்டாந்திருக்கீங்களா, எனக்கு ஒருக்கா எடுத்துக் காட்டுங்கன்னுச்சு. நான் குழாயை வாங்கி, முதல்ல மாத்திரையை இதுல போடணும்னு சொல்லிக் காட்ட ஆரம்பிச்சேன். உங்களைக் கேக்கலைங்கம்மா, அவரு செய்யட்டும், நீங்க கொஞ்ச நேரம் அந்த பெஞ்சுல உக்காருங்கன்னுருச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ஆனாலும் உக்காந்தேன்.

அவரு மாத்திரையைப் போட்டாரு. திருகினாரு. வாயில வெச்சாரு. கன்னத்தை உப்பி ஒரே ஊது. பொடி அத்தனையும் அந்தப் பொண்ணு டிரெஸ் மேல.

நர்ஸு சிரிக்கலை. ஐயா, எதுக்கு ஊதினீங்கன்னு மெதுவாக் கேட்டுச்சு. கேட்டுட்டு அப்படியே காத்திருந்துச்சு. அவரு மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுக்கா மூச்சு வாங்கி, முழுசாச் சொல்ற வரைக்கும் அந்தப் பொண்ணு வாயையே திறக்கலை. நானும் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்.

"குழல்னா ஊதறதுதானுங்களே. உறிஞ்சணும்னு யாரும் சொல்லலீங்களே."

"ஏனுங்க, இதையுமா சொல்லித் தரணும்?"ன்னு நான் கேட்டேன், பெஞ்சுல இருந்தே.

அந்தப் பொண்ணு திரும்பி என்னை ஒரு பார்வை பாத்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அதுக்கு அர்த்தம் தெரியலை எனக்கு. நான் என்ன தப்பாக் கேட்டேன்?

ஆடில இருந்து ஐப்பசி வரைக்கும் கண்ணு. தினமும் ரெண்டு வேளை. மருந்து ஒரு பொட்டு உள்ள போகலை. எல்லாம் செவுத்துக்கும் துண்டுக்கும் போயிருக்குது, அதை நான் சோப்புப் போட்டுத் துவைச்சிருக்கேன். ஆட்டோல வர்றப்பக் கேட்டேன், உள்ள போகலைன்னு உங்களுக்கே தெரியலையா, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னா என்னன்னு. பொடி வெளிய வருதேன்னு நினைச்சேன், மெஷின்லயும் ஊதத்தானே சொன்னாங்கன்னாரு. அப்புறம் என்னமோ சொல்ல வந்தாரு. சரி விடுங்க, ஆட்டோ ஆடறதுல பேசாதீங்கன்னேன்.

அதுக்கப்புறம் அந்த எஸ்தரு அவரை வாரா வாரம் வரச் சொல்லுச்சு. லேசுல வரலை. குழலை உதட்டுல வெச்சதும் கன்னம் தானா உப்பிரும். இழுங்கன்னா ஊதுவாரு. மூச்சை மூக்குல எடுப்பாரு. அத்தனை வருஷம் பழகின வாய். வீட்ல நான் இளநீர்ல ஸ்ட்ராவைப் போட்டுக் குடுத்து உறிஞ்சச் சொன்னா, குடுகுடுன்னு குமிழி விடுவாரு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அவரும் சிரிச்சாரு. சிரிச்சா இருமல். அந்தப் பொண்ணு மூக்குக்கு ஒரு கிளிப்பு மாட்டி விட்டுச்சு, துணி காயப் போடறப்ப மாட்டற மாதிரி. மூக்கை அடைச்சதும் வேற வழி இல்லாம வாய் இழுத்துச்சு. முதல் தடவை சரியா உள்ள போனப்ப அவரு கண்ணு ரெண்டும் பெருசாச்சு. தொண்டைல என்னமோ தெரியுதுன்னாரு. தெரியணும்யா, அதுதான் மருந்துன்னுச்சு அந்தப் பொண்ணு.

கார்த்திகை மாசம் நல்லா இருந்தாரு. இல்லைன்னு சொல்லக் கூடாது. செவுத்தைப் புடிக்காம நடந்தாரு. வாசல் வரைக்கும் வந்து உக்காந்தாரு. தீபத்தன்னிக்கு அவரே நாலு விளக்கை ஏத்தி வெச்சாரு. அதுல ஒண்ணு காத்துல ஆடுச்சு, கையை அணைச்சு நிறுத்தினாரு.

அன்னிக்கு விளக்கு எல்லாம் ஏத்திட்டு உள்ள வந்து உக்காந்தவரு, "சௌந்தரம்"னாரு.

என் பேரு கண்ணு அது. அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. இந்தா, ஏய், இங்க பாரு, அவ்வளவுதான். மூச்சு அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு, எனக்கே கேட்டுச்சு, விசில் சத்தம் இல்லாம வந்துச்சு. "சௌந்தரம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னாரு.

இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்காரு. சேத்து வெச்ச மூச்சைப் பேசிக் கரைக்கணுமா? பேசாதீங்க, மூச்சு வாங்கும், எதுவா இருந்தாலும் நாளைக்குச் சொல்லலாம்னேன். அவரு என்னைப் பாத்துத் தலையை ஆட்டினாரு. வாயில குழல் இருக்கறப்ப ஆட்டுவாரே, அதே மாதிரி. மறுநாள் நானும் கேக்கலை, அவரும் சொல்லலை. அடை ஊத்தினேன் அன்னிக்கு, ரெண்டு சாப்பிட்டாரு.

மார்கழிப் பனில சளி புடிச்சுக்கிச்சு. அதுல இருந்து எந்திரிக்கவே இல்ல. ஆஸ்பத்திரில படுக்க வெச்சாங்க. டாக்டர் என்னை வெளிய கூப்புட்டு, இப்ப மருந்து சரியாத்தான் போகுது, ஆனா நுரையீரல்ல மிச்சம் எதுவும் இல்லைங்கம்மா, முதல்ல இருந்தே உள்ள போயிருந்தா இவ்வளவு சீக்கிரம் விழுந்திருக்காதுன்னாரு. அவருகிட்டச் சொல்லுங்க டாக்டர், அவருதான் ஊதினாருன்னேன். டாக்டர் கண்ணைக் கசக்கிக்கிட்டே நடந்துட்டாரு. அவரும் களைச்சுப் போயிருப்பாரு பாவம்.

கடைசியில முகத்துல மாஸ்க் மாட்டி விட்டிருந்தாங்க. மத்தியானம், சாப்பாட்டு நேரம். மக கீழ தயிர் சாதம் வாங்கப் போயிருந்தா. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். அவரு கையைத் தூக்கி மாஸ்க்கை நகத்தினாரு. உதடு அசைஞ்சுச்சு. நான் உடனே அதை எடுத்து நல்லா அழுத்தி மாட்டி விட்டேன். கழட்டக் கூடாதுங்க, பேசாதீங்கன்னேன். மறுக்கா கையைத் தூக்கினாரு. நான் அந்தக் கையைப் புடிச்சு என் மடியில வெச்சுக்கிட்டேன். மூச்சு முக்கியமா பேச்சு முக்கியமா? நீயே சொல்லு. அப்புறம் அவரு கையை எடுக்கலை. மாஸ்க் உள்ள உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடில ஆவி படியற மாதிரி உள்ள வெள்ளையாப் படிஞ்சுச்சு, போச்சு. மறுக்கா படிஞ்சுச்சு. அப்புறம் படியலை.

என்ன பெருசாச் சொல்லியிருக்கப் போறாரு. தண்ணி கேட்டிருப்பாரு.

மக வந்து பாத்துட்டுக் கத்தினா. வீட்டுக்குக் கொண்டாந்து எல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரங்க எல்லாம் போனதுக்கப்புறம் எங்கிட்ட வந்து உக்காந்தா. அம்மா, அப்பான்னு என்னமோ ஆரம்பிச்சா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், அழுது அழுது தொண்டை கட்டிக் கிடக்குது, போய்ப் படுன்னு அனுப்பி வெச்சேன். அதுல இருந்துதான் அந்த 'ம்'.

எனக்குக் கோபம்னா ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. அழுகை வர்றதில்ல, கோபம் மட்டும் அப்பப்ப வருது. அதுவும் நெம்ப நேரம் நிக்கறதில்ல. கூடவே இருக்கேன். நாளெல்லாம் பக்கத்துலயே இருக்கேன். எதுவா இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அந்தப் பொடி தித்திக்குதா கசக்குதா, உள்ள போகுதா வெளிய வருதா, ஒரு வார்த்தை. நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? வாயைத் திறந்து சொன்னாத்தானே மனுஷருக்குத் தெரியும். சொல்லாமயே இருந்துட்டுப் போயிட்டாரு. அதுதான்.

சரி, காந்திபுரம் வந்தாச்சு. மெதுவா எந்திரி. இந்தா உன் பை. அந்தக் குழாயை ஓரமா வெச்சுக்க, கையை விட்டதும் எடுக்கற மாதிரி இருக்கணும். முதல்ல மூச்சை வெளிய விடணும், அதை மறந்துராதே.

என்ன? டவுன்ஹாலா? உனக்கு இறங்க வேண்டியது டவுன்ஹாலா? அது எப்பவோ போயிருச்சே, மணிக்கூண்டுதான் டவுன்ஹால் ஸ்டாப்பு, அங்க நிறுத்தினானே வண்டியை. நீ எந்திரிச்சது அதுக்கா? அட, அழுகை எதுக்கு? வேலைக்குச் சேர்ற முதல் நாளா? மணி வேற ஆயிருச்சு. இரு இரு, நீ கத்தாதே, மறுக்கா இளைச்சுக்கும். பேசாம நில்லு. நான் சொல்றேன். ஏனுங்க கண்டக்டர், இந்தப் பொண்ணு டவுன்ஹால்ல இறங்கணுமாம், திரும்பிப் போற வண்டி எது நிக்குதுங்க?

பேசாதேன்னேன்ல. வா, அந்த வண்டில ஏத்தி விடறேன், டிரைவர்கிட்ட நானே சொல்லிடறேன்.

இவ்வளவு நேரம் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்ன கண்ணு?